பதினெட்டு வயதும் ஆறிப்போன றோல்ஸும்

ரூஜ், ஸ்காபரோ.
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

பெருமதிப்புக்குரிய இராசதுரை அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் சிவரூபன் எழுதிக்கொள்வது. நான், ரதி, பிள்ளை மூவரும் நலம். உங்கள் நலத்துக்கும் அக்காவின் முழங்காலுக்கும் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் பொறுப்பு. அவர் உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். எங்களுக்கு நெடுஞ்சாலையில் விபத்து இல்லாத நாட்களில் மட்டும் அருள்பாலிக்கிறார்.

உங்களோடு இனி ஒரு சொல்லும் பேசமாட்டேன் என்று ஆறு வருடத்துக்கு முன் மண்டப வாசலில் நின்று நான் சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது. அந்தச் சொல் இன்னும் செல்லும். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே இதை வாசித்துவிட்டு ரெலிபோன் எடுக்கவேண்டாம். எடுத்தாலும் ரதிதான் கதைப்பாள். அவள் உங்கள் பக்கம்.

விஷயம் இதுதான். துப்பாக்கி அனுமதி கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஒருவர் இந்தக் கிழமை உங்களைக் கூப்பிடுவார். எங்கள் பிள்ளை தக்ஷிகாவை எத்தனை வருடமாகத் தெரியும், அவள் நிதானமான பிள்ளையா, அவள் கையில் கைத்துப்பாக்கி கொடுத்தால் யாருக்காவது ஆபத்து உண்டா என்று கேட்பார். நீங்கள் "உண்டு" என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் என் வேண்டுகோள். மற்றதெல்லாம் விளக்கம்.

இரண்டு வருடமாக அவள் ஒரு கழகத்தில் காற்றுத் துப்பாக்கி சுடப் பழகுகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். போட்டியில் வெண்கலப் பதக்கம் எடுத்தபோது நான்தான் குடும்ப வட்சப்பில் படம் போட்டேன். எல்லோரும் இரண்டு வரியாவது எழுதினார்கள். நீங்கள் வெறும் பெருவிரலைக் காட்டினீர்கள், அதுவும் அடுத்த நாள். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. மறக்கவில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். காற்றுத் துப்பாக்கி என்பது சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்புக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கடுதாசியில் துளை போடுகிறாள், போடட்டும் என்று இருந்தேன். பிறம்ரனில் என்னோடு வேலை செய்பவர்களுக்கெல்லாம் பதக்கத்தைக் காட்டி ரிம்ஹோட்டன்ஸ் கோப்பியும் வாங்கிக் கொடுத்தேன்.

போன மாதம் அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்தது. காலையில் அர்ச்சனை, பின்னேரம் கேக். கேக்கை வெட்டி என் வாயில் தீத்திவிட்டு, "அப்பா, நான் லைசென்ஸுக்கு அப்ளை பண்ணப் போறன்" என்றாள்.

"கார் லைசென்ஸ்தான் போன வருசமே எடுத்திட்டியே?"

"கார் இல்லையப்பா. பிஸ்ரல்."

கேக் வெட்டின கத்தி அப்போது என் கையில் இருந்தது. ரதி வந்து அதை மெதுவாக வாங்கிக் கொண்டுபோய்க் குசினிக்குள் வைத்தாள்.

நான் படித்தவன், அத்தான். கணக்காளர் பரீட்சை மூன்று கட்டமும் தேறியவன், இந்த நாட்டில் களஞ்சியத்தில் பெட்டி எண்ணுகிறேன் என்பதற்காக வாசிப்பு மறந்துபோகவில்லை. இரவிரவாக இருந்து சட்டத்தை வாசித்தேன். இந்த மாகாணத்தில் பதினாறு வயதில் கார் பழக விடுவார்கள். பதினெட்டில் வாக்கைக் கொடுப்பார்கள். கைத்துப்பாக்கிக்கான அனுமதிக்கும் பதினெட்டில் விண்ணப்பிக்கலாம். பியர் வாங்க மட்டும் பத்தொன்பது ஆகவேண்டும். அதாவது ஒரு பிள்ளை சட்டைப்பையில் துப்பாக்கி அனுமதியோடு பியர்க்கடைக்குப் போய், நீ இன்னும் சின்னப்பிள்ளை, வீட்டை போ என்று திருப்பி அனுப்பப்படுவதற்கு ஒரு முழு வருடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய பகிடி, அனுமதி எடுத்தாலும் வாங்க ஏலாது. சில வருடங்களாகப் புதிதாக ஒருவருக்கும் கைத்துப்பாக்கி விற்கக்கூடாது என்று கனடா நிறுத்தி வைத்திருக்கிறது. ஒலிம்பிக் தரத்தில் சுடுகிறவர்கள் போன்ற ஒரு சிலருக்குத்தான் விலக்கு. எனக்கு உயிர் வந்தது.

"வாங்கவே ஏலாத சாமானுக்கு என்னத்துக்குப் பிள்ளை லைசென்ஸ்?" என்றேன்.

"அந்த ஒரு சிலரிலை ஒராளா வாறதுக்கு" என்றாள்.

சரி, பக்கத்து நாட்டைப் பிடிப்போம் என்று பார்த்தேன். துவக்கைத் தலையணைக்குக் கீழ் வைத்துப் படுக்கும் அமெரிக்காவிலேயே, இருபத்தொரு வயதாகாத பிள்ளைக்குக் கடைக்காரன் கைத்துப்பாக்கி விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அமெரிக்காவை மெச்சினேன். அதை அவளிடம் சொன்னதுதான் பிழை. பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் அரசியல் படிக்கிறாள். அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பதினெட்டு வயதுக்காரர் வழக்குப் போட்டிருக்கிறார்கள், ஒரு நீதிமன்றம் சட்டம் சரி என்கிறது, இன்னொன்று பிழை என்கிறது என்று சோறு ஆறும்வரை விளங்கப்படுத்தினாள்.

"அங்கை கண்டபடி துவக்கு விக்கிறது எனக்கும் பிடிக்கேல்லை அப்பா. அது வேறை. ஆனா பதினெட்டிலை ஆமிக்குப் போகலாம், பிழை செய்தா பெரியாக்களின்ரை மறியலுக்கும் போகலாம், ரைற்ஸ் எண்டு வந்தா மட்டும் பேபியோ? கோடு ஒண்டைப் போட்டா எல்லாத்துக்கும் அதுதானே கோடு?"

"இந்த வீட்டிலை கோடு போடுறது நான்."

"நீங்கள் எப்பவோ போட்டிட்டீங்கள்" என்றாள். எழும்பிப் போய் ரீவியில் ஒரு வீடியோவைப் போட்டாள்.

அவள் பெரியபிள்ளையானபோது நான் மண்டபம் எடுத்துச் செய்த சாமத்தியவீட்டு வீடியோ.

உங்களுக்கு நினைவிருக்கும், நான் வானொலிக் குரல் உள்ள ஒருவரை அறிவிப்பாளராகப் பிடித்திருந்தேன். புகை அடிக்கிறது, பல்லக்கு வருகிறது, அந்த மனிசன் கர்ச்சிக்கிறார்: "இன்று முதல் செல்வி தக்ஷிகா குழந்தை அல்ல! பெரியபிள்ளை! சபையோரே, உங்கள் கரகோஷத்தால் இதை உறுதிப்படுத்துங்கள்!" நானூறு பேர் கைதட்டுகிறார்கள். முன்வரிசையில் பட்டுவேட்டியோடு ஒருவன் எழும்பி நின்று தலைக்குமேல் கையை வைத்துத் தட்டுகிறான். அவன் நான்.

அந்த இடத்தில் வீடியோவை நிற்பாட்டினாள். நான் தட்டிய கை அப்படியே அந்தரத்தில் நிற்கிறது.

"பன்ரண்டு வயசு அப்பா. வேண்டாம் வேண்டாமெண்டு நான் அழ அழ மேடையிலை ஏத்தி, பெரியாள் எண்டு ஊருக்கே அறிவிச்சது நீங்கள். கவுண்மெந்த் அதுக்குப் பிறகும் ஆறு வருசம் பொறுத்துத்தான் சொல்லியிருக்கு. பாக்கப்போனா உங்களைவிட அவையள்தான் ஸ்ரிக்ற்."

அவள் வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். சாப்பாட்டு வரிசை வந்தது. உங்கள் குரல் மணிபோலக் கேட்டது: "றோல்ஸ் ஆறிப்போச்சு. இந்த மண்டபத்திலை சூடா இருக்கிறது சிவரூபன்ரை கோவம் ஒண்டுதான்." வரிசையே சிரிக்கிறது. அன்றைக்கும் சிரித்த ரதி, ஆறு வருடத்துக்குப் பிறகு சோபாவில் இருந்து புதிதாகக் கேட்பவள்போலச் சிரிக்கிறாள்.

அத்தான், றோல்ஸ் ஆறவில்லை. நீங்கள்தான் பிந்தி வந்தீர்கள். பிள்ளைக்குத் தண்ணி வார்க்கவேண்டிய மாமியை, என்னுடைய ஒரே அக்காவை, காரில் ஏற்றிக்கொண்டு பிழையான மண்டபத்துக்குப் போய், அங்கே யாரோ முன்பின் தெரியாத பிள்ளையின் சாமத்தியவீட்டில் முன்வரிசையில் இருந்து பாயாசமும் குடித்து, மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரிப் படமும் எடுத்துவிட்டு வந்த உங்களுக்கு எந்தச் சட்டியில் பொரித்த றோல்ஸ் சூடாக இருக்கும்? இதை நான் அன்றைக்கே கேட்டிருப்பேன், பேசமாட்டேன் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டதால் கேட்க முடியாமல் போயிற்று.

நிற்க. இந்த இடத்தில் எழும்பிப் போய் யன்னலால் பார்த்துவிட்டு வந்தேன். அவளுடைய கார் இன்னும் வரவில்லை. பயிற்சி முடிந்திருக்கவேண்டும்.

அனுமதி கேட்பவரை மூன்று வருடமாவது தெரிந்த இரண்டு பேர் வேண்டும். அவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இதைக் கேட்டதும் நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். எங்கள் குடும்பத்தோடு மூன்று வருடம் தொடர்ந்து முகம் கொடுத்துப் பேசும் தமிழர் இந்தக் கண்டத்திலேயே இல்லை. அந்த நிலையைக் கொண்டுவர நான் எவ்வளவு உழைத்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

"ஆரைப் போடப் போறாய்?" என்று கேட்டேன்.

"பேர்ணடெற் அன்ரி. மற்றது இராசதுரை மாமா. ரெண்டு பேரும் ஓமெண்டிட்டினம்."

நான் பேசாத வீட்டுக்கெல்லாம் அவள் போய்வந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். அக்கா அவளுக்கு ஒடியற்கூழும் காய்ச்சிக் கொடுத்திருக்கிறா. எனக்கு இந்த வீட்டில் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை.

பேர்ணடெற் அக்கா பக்கத்து வீடு. பாஷையூர்க்காரி. வாசல் பனியை அள்ளுவதில் பனிக்காலம் முழுக்க எங்களுக்குள் வழக்கு. நேரே போய்க் கதவைத் தட்டி, அலுவலகக்காரன் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லும்படி கேட்டேன்.

"அவன் நேற்றே கூப்பிட்டுக் கதைச்சிட்டான் தம்பி" என்றா. "தங்கமான பிள்ளை எண்டு சொன்னன். தங்கட வாசல் சினோவை அள்ளிப்போட்டு என்ரை வாசலையும் வழிச்சு விடுறவள். நீர் உம்மட சினோவை என்ரை பக்கம் தள்ளுறனீர்."

"அது மெஷின் தள்ளினது அக்கா."

"மெஷினைப் பிடிச்சது ஆர்? வானத்திலை இருந்து இறங்கின சம்மனசோ?"

நான் திரும்பி வெளிக்கிட, பின்னால் கூப்பிட்டுச் சொன்னா: "வீட்டிலை கோவக்காரர் ஆரும் இருக்கினமோ எண்டும் கேட்டவன். மாதாவை நினைச்சுக்கொண்டு, குலைப்பார், கடிக்கமாட்டார் எண்டு சொல்லிவிட்டன். பயப்பிடாதையும்."

அதற்குப் பிறகுதான் தக்ஷிகா, "ஒருக்கா வந்து பாத்திட்டுக் கத்துங்கோ அப்பா" என்று என்னைத் தன் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பெரிய களஞ்சியம் மாதிரி ஒரு கட்டடம். மரியோ என்று ஒரு பயிற்றுநர். பெயரைக் கேட்டு இத்தாலிக்காரர் என்று நினைத்து என்னுடைய மிகத் திறமான ஆங்கிலத்தில் பெண்பிள்ளைகளின் பாதுகாப்புப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அவர் முழுவதையும் மரியாதையாகக் கேட்டு, "அண்ணை, முதல் கண்ணாடியைப் போடுங்கோ. காது மூடியையும் போட்டாத்தான் உள்ளுக்கு விடலாம்" என்றார். மன்னார் ஆள்.

கழகத்துத் துப்பாக்கி, மரியோவின் மேற்பார்வை. ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை எப்படி வைத்திருக்கவேண்டும் என்று தீர்மானித்து வைத்திருந்தேன். முதல் வெடி கேட்டது.

அடுத்ததாக எனக்குத் தெரிந்தது, என் கன்னம் சீமெந்துத் தரையில் இருந்தது. இரண்டு கையும் தலையைப் பொத்திக்கொண்டு இருந்தன. நான் படுக்கவில்லை அத்தான், உடம்பு தானாகப் போய்ப் படுத்துவிட்டது. ஐம்பத்தைந்து வயது, கணக்காளர், தீபாவளிக்கு வாங்கின கால்சட்டை. மரியோ ஒரு சொல் கத்தினார். முழு வரிசையும் துப்பாக்கியைக் கீழே வைத்துக் கையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தது. தக்ஷிகா என்னைக் கண்டுவிட்டாள். கண்டும் ஓடிவரவில்லை. துப்பாக்கியை வெறுமையாக்கி, மரியோவுக்குக் காட்டி, வைத்துவிட்டுத்தான் ஓடிவந்தாள்.

என்னைத் தூக்கவில்லை. பக்கத்தில் தரையில் இருந்தாள். மரியோ தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து வைத்து, "நானும் முதல்நாள் விழுந்தனான் அண்ணை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"அப்பா, நீங்கள் துவக்குப் பிடிச்சிருக்கிறீங்களோ?"

"ஒருக்கா."

"எத்தினை வயசிலை?"

"பதினேழு. எங்களிட்டை ஆரும் வயசு கேக்கேல்லை பிள்ளை."

தண்ணீர்ப் போத்தலைத் திறந்து என் கையில் தந்தாள். பிறகு, "என்னட்டைக் கேக்கினம்" என்றாள். "வயசு கேக்கினம், படிப்பிச்சுச் சோதினை வைக்கினம், பக்கத்துவீட்டு அன்ரியைக் கேக்கினம், நீங்கள் கதைக்காத மாமாவையும் கேக்கினம். இவ்வளவும் கேட்டுப்போட்டு, இல்லையெண்டும் சொல்லலாம். எனக்கு வேணாமெண்டா நானும் குடுத்திட்டு வீட்டை வரலாம். உங்கட காலத்திலை இயக்கத்துக்குப் போன பெடியளுக்கு அப்பிடி ஏலாது தானே, அப்பா?"

வாதத்தில் தோற்ற தகப்பன் ஆதரவுக்கு ஆள் தேடவேண்டியதுதான். ஆகவே உங்களிடம் வந்திருக்கிறேன்.

அந்த ஒருக்கா என்ன என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஊரில் ரியூசன் கொட்டிலுக்குப் பின்னால், இயக்கத்துக்குப் போயிருந்த என் வகுப்புப் பெடியன் யோசப், சேட்டைத் தூக்கி இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியை எடுத்து, "பாரம் பார்" என்று என் கையில் வைத்தான். பாரமாகத்தான் இருந்தது. அந்தப் பாரம் எனக்குப் பிடித்தும் இருந்தது. நீங்கள் சைக்கிளில் வந்தீர்கள். அக்காவைக் கலியாணம் முடித்து ஒரு வருடமும் ஆகவில்லை. யோசப்பை ஒன்றும் சொல்லவில்லை, சொல்லக்கூடிய காலமும் அது இல்லை. எனக்கு மட்டும், வகுப்புக்கு வந்த பெண்பிள்ளைகள் எல்லாம் பார்க்கக் கன்னத்தில் ஒன்று போட்டீர்கள். அடுத்த கிழமை கொழும்புக்கு ரயிலேற்றிவிட்டீர்கள். யோசப் அந்த வருடம் முடியமுன்னமே இல்லாமல் போனான். அவனுக்கும் பதினேழுதான்.

அந்த அடியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. றோல்ஸ் இரண்டாவது குறை, அடிதான் முதலாவது. பெண்பிள்ளைகள் போனபிறகு அடித்திருக்கலாம்.

இப்போது கேட்பது அதே கையைத்தான். அன்றைக்கு என்னை மறித்ததுபோல இவளையும் மறியுங்கள். அடிக்கவேண்டாம், இந்த நாட்டில் பொலிஸ் வரும். ரெலிபோனில் ஒரு "உண்டு" போதும். நான் சொன்னால் பயந்த தகப்பன் என்பார்கள். நீங்கள் சொன்னால் எடுபடும். உங்களுக்கு எல்லா இடத்திலும் நல்ல பெயர், ஏன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பின்கதவு சத்தம் கேட்கிறது. வந்துவிட்டாள். "இன்னும் சாப்பிடேல்லையோ அப்பா?" என்று கேட்கிறாள். இத்துடன் நிறுத்துகிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. முழங்காலுக்குச் சித்தாலேப பூசவேண்டாம், சூட்டு ஒத்தடம் பிடிக்கச் சொல்லவும். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும், உங்கள் காருக்குச் சரியான பாதையையும் பிள்ளையார் காட்டுவாராக.

இங்ஙனம்,
உங்களோடு பேசாத மைத்துனன்,
சிவரூபன்.

பிற்குறிப்பு: திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, முத்திரை வாங்கச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டு ரெலிபோன் அடித்தது. அலுவலகக்காரன். தக்ஷிகா வகுப்பில் என்றேன். நீங்கள் தகப்பனா, ஒன்றிரண்டு கேள்வி கேட்கலாமா என்றான். கடவுள் நேரே கொண்டுவந்து கையில் தந்த சந்தர்ப்பம். "ஆபத்து உண்டு" என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அப்போது அவன் கேட்டான்: இப்போதுதானே பதினெட்டு, இந்த வயதுப் பிள்ளைகள் அவசரக்காரர், உங்கள் மகள் பொறுப்பானவள்தானா?

அத்தான், என் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. ஒரு மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு கேட்க இவன் ஆர்? எனக்குக் கண்மண் தெரியவில்லை. பேர்ணடெற் அக்காவின் சினோவில் தொடங்கினேன். தகப்பன் தரையில் விழுந்து கிடக்கும்போதும் ஒழுங்கு பிசகாமல் துப்பாக்கியை வெறுமையாக்கிக் காட்டிவிட்டு ஓடிவந்த பிள்ளை, இப்படி ஒன்றை உன் அலுவலகத்தில் காட்டு பார்ப்போம் என்று கேட்டேன். பதினெட்டு வயதுக்காரரின் உரிமை பற்றி அவள் எனக்குச் சொன்ன அவ்வளவையும் நான் அவனுக்குச் சொன்னேன், அமெரிக்க வழக்குகள் உட்பட. அவன் இரண்டு தடவை நன்றி சொல்லிப் பார்த்தான், நான் விடவில்லை. கடைசியில், பக்கத்துவீட்டு அம்மாவும் போன கிழமை மாமாவும் இதையேதான் சொன்னார்கள், உங்களுடையது நல்ல ஒற்றுமையான குடும்பம் போலிருக்கிறது என்றான்.

நான் மறுக்கவில்லை.

என்னை ஒரு வார்த்தை கேளாமல் போன கிழமையே நீங்கள் ஓம் சொன்னது மூன்றாவது குறை. மேலே எழுதியதை வாசிக்கவேண்டாம். கிழித்துப் போடுவதற்கு மனம் வரவில்லை, முத்திரைக்கும் வெளிக்கிட்டாயிற்று.

வாற சனிக்கிழமை காலை அவளுக்குப் போட்டி. அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முகவரியை இரண்டு தடவை பாருங்கள், பிழையான கட்டடத்துக்குப் போனால் அங்கே பாயாசம் தரமாட்டார்கள். முதல் வெடிக்கு நான் மறுபடியும் விழுந்தால் பக்கத்தில் பிடிக்க ஒருவர் வேண்டும். நான் உங்களோடு பேசமாட்டேன். காதில் மூடி இருக்கும், பேசினாலும் உங்களுக்குக் கேட்காது.

ரதி றோல்ஸ் பொரிக்கிறாள். நேரத்துக்கு வந்தால் சூடாக இருக்கும்.